தானே பாடத் தெரிந்தவர்கள் நல்ல பாட்டை ஏன் ஐடல்களிடம் கொடுத்தார்கள்? (ஜப்பான், 80கள்)

மாடிவீட்டு ரேடியோ கேட்டது:

வணக்கம் நண்பர்களே. யூடியூப் பலரையும் போல என்னையும் ‘பிளாஸ்டிக் லவ்’ பாட்டில் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து தாகெயுச்சி மரியாவின் மற்ற பாட்டுகளுக்குப் போனேன். 1987இல் வந்த ‘ரிக்வெஸ்ட்’ ஆல்பத்தில் பாதிப் பாட்டுகளுக்குக் கீழே ஒரே சண்டை. ஒருவர் ‘இது அகினா பாட்டு’ என்கிறார், இன்னொருவர் ‘இது நவோகோவுடையது’ என்கிறார். விசாரித்தால், சொல்லும் மெட்டும் மரியாவுடையதுதான், ஆனால் முதலில் ஐடல் பெண்களிடம் (கம்பெனிகள் டிவி நட்சத்திரமாக வளர்த்துவிடும் இளம் பாடகிகள்) பாடக் கொடுத்துவிட்டாராம்.

நம் சினிமாவில் எழுதுபவர் ஒருவர், மெட்டு ஒருவர், பாடுபவர் ஒருவர். அதில் யாருக்கும் கேள்வி இல்லை. ஆனால் இவரே பாடகி. அப்புறம் ஏன் நல்ல சரக்கைத் தூக்கி அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும்? காசா, கம்பெனியின் கட்டாயமா? கொடுத்தபிறகு மனசு கேட்குமா?

கணக்குப்பிள்ளை:

காசு. ஜப்பானில் சி.டி. விலையில் பாடியவருக்குப் போவது வழக்கமாக 1 சதவீதம் அளவில்தான். சொல், மெட்டு, பதிப்பு நிறுவனம் ஆகியவற்றுக்குச் சேர்த்து 6 சதவீதம். சொல்லும் மெட்டும் ஒரே ஆளுடையது என்றால் நிறுவனத்தின் பங்கு போக மீதி அவருக்கே. மேடையில் யார் பாடினாலும், கரோக்கேயில் எந்தக் குடிகாரன் கத்தினாலும் அதற்கும் தனியாக வரும். தன்னைவிடப் பல மடங்கு தட்டு விற்கிற பெண்ணிடம் பாட்டைக் கொடுப்பவர் ஏமாளி இல்லை.

கவாசாகி வாசி:

கணக்குப்பிள்ளை சொன்ன கணக்கு சரி. ஆனால் மரியா விஷயத்தில் காசு மட்டும் காரணம் என்றால் எனக்கு ஒப்பவில்லை. நான் இங்கே ஜப்பானில் வேலை பார்க்கிறவன், சனிக்கிழமைகளைப் பழைய சி.டி. கடைகளில் தொலைக்கிறவன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மரியா 1978இல் கல்லூரி மாணவியாகப் பாட வந்தார். கம்பெனி அவரையே பாதி ஐடலாக நடத்தி டிவி நிகழ்ச்சிகளுக்கு இழுத்தடித்தது. அலுத்துப்போய் 1981 முடிவில் மேடையை விட்டு ஒதுங்கினார். 1982இல் பாடகரும் இசையமைப்பாளருமான யமஷிதா தத்சுரோவைக் கல்யாணம் செய்துகொண்டு வீட்டில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தார். கொடுத்த பாட்டுகளின் காலம் அதுதான். பாட மேடை இல்லாதபோது கைக்கு வேலை வேண்டுமே.

அந்த வருஷமே கவாய் நவோகோவுக்கு ‘கெங்கா ஓ யமெதே’ எழுதினார். தன்னால் அடித்துக்கொள்ளும் இரண்டு பையன்களைப் பார்த்து, எனக்காகச் சண்டை போடாதீர்கள் என்று ஒரு பெண் கெஞ்சுகிற பாட்டு. நவோகோவுக்கு அப்போது 19 வயது, அவர் பாடினால் ஊரே உருகும். கல்யாணம் ஆன 27 வயதுப் பெண் அதையே பாடினால் ‘அம்மா தாயே, ரொம்பத்தான் நினைப்பு’ என்று சிரித்திருப்பார்கள். சில பாட்டு எழுதுகிறவர் வாயில் நிற்காது, அதற்கென்று ஒரு வயது வேண்டும். 1986இல் ஷிசெய்டோவின் வசந்தகால அழகுசாதன விளம்பரத்துக்கு எழுதிய ‘இரோ ஹொவைட் பிளெண்ட்’ பாட்டும் அப்படித்தான். பாடிய நகயாமா மிஹோவுக்கு 16கூட நிறையவில்லை.

‘மனசு கேட்குமா’ என்று கேட்டீர்களே, அதற்கு ‘எகி’ பாட்டுதான் பதில். எகி என்றால் ரயில் நிலையம். 1986இல் நகமோரி அகினாவின் ‘கிரிம்சன்’ ஆல்பத்துக்கு மரியா ஐந்து பாட்டு கொடுத்தார், மற்ற ஐந்தும் கொபயாஷி அகிகோ என்ற இன்னொரு பெண்ணுடையவை. அகினாவின் புகைப்படங்களை மேசைமேல் பரப்பி வைத்து, இந்த முகத்துக்கு எந்தக் கதை பொருந்தும் என்று யோசித்தே எழுதியதாக மரியா சொல்லியிருக்கிறார். கதை இதுதான்: சாயங்கால ரயில் நிலையத்தில் ஒரு பெண் தெரிந்த மழைக்கோட்டைப் பார்க்கிறாள். பழைய காதலன். கூப்பிடவில்லை, பக்கத்துப் பெட்டியில் ஏறி, ஓரமாக அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே வருகிறாள். இருவருக்கும் இப்போது வீட்டில் வேறு யாரோ காத்திருக்கிறார்கள்.

அகினா இதைக் கிட்டத்தட்ட முணுமுணுத்துப் பாடினார். ஹெட்போன் போட்டால்தான் சில வரிகளே பிடிபடும். யமஷிதாவுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்த மெட்டை இப்படியா பாடுவது என்று, மறுவருஷம் மனைவியைப் பாடவைத்து, வயலின்களோடு தானே இசைக்கோர்ப்பு செய்து ‘ரிக்வெஸ்ட்’டில் சேர்த்தார். 1994இல் மரியாவின் ‘இம்ப்ரெஷன்ஸ்’ தொகுப்பு வந்தபோது, சி.டி. உறைக்குள் இருக்கும் குறிப்பிலேயே யமஷிதா, அந்த ஐடல் பாடகி இந்தப் பாட்டுக்குக் கொடுத்த விளக்கம் மோசம், தனக்கு ஆத்திரமாக இருந்தது என்று எழுதிவிட்டார். பெயர் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாதா என்ன.

என் கட்சி அகினா கட்சி. எங்கள் ஆபீஸ் ஆட்களோடு கரோக்கே போனால், வயதில் மூத்த ஒரு அக்கா கட்டாயம் ‘எகி’ பாடுவார். டேப்லெட்டில் தேடினால் ஒரே பாட்டு இரண்டு பெயரில் வரும், அவர் எப்போதும் மரியாவைத்தான் தொடுவார். ஏன் என்று கேட்டதற்கு, “மரியாவின் பெண் ரயிலை விட்டு இறங்கினால் வீட்டுக்குப் போய்ச் சமைப்பாள். அகினாவின் பெண் எங்கே போவாள் என்று தெரியாது, எனக்குப் பயம்” என்றார். அவர் குறையாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அகினாவைப் பிடிப்பதற்குக் காரணமே அதுதான்.

அல்லி:

கவாசாகி அண்ணா, ஒன்றை விட்டுவிட்டீர்கள். யமஷிதா ‘ஐடல் பாடகி’ என்று போகிற போக்கில் எழுதிய பெண் 1985, 1986 இரண்டு வருஷமும் அடுத்தடுத்து ஜப்பான் ரெக்கார்ட் விருது வாங்கியவர். அப்போது வயது 20, 21. பாடத் தெரியாத பொம்மை என்று யாரும் சொல்ல முடியாது. பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லட்டும், அந்த ‘ஐடல்’தான் உறுத்துகிறது.

அதே மனுஷர் கொந்தோ மசஹிகோ என்ற ஐடல் பையனுக்கு 1982இல் ‘ஹை டீன் பூகி’ மெட்டுப் போட்டவர். 1997இல் கின்கி கிட்ஸ் பையன்களின் முதல் தட்டு ‘கரசு நொ ஷோனென்’ பத்து லட்சத்துக்கு மேல் விற்றதே, அதுவும் அவர் மெட்டுதான். பையன்கள் எப்படிப் பாடினாலும் சரி போலிருக்கிறது!

சிவப்பு கேசட்:

கட்டாயமா என்று கேட்டவருக்கு: சில நேரம் கதை தலைகீழ். 70களின் ஐடல் யமகுச்சி மொமொயே 17 வயதில், உசாகி ரியூதோ என்ற ராக் பாடகரின் பாட்டு எனக்கு வேண்டும் என்று தானே கேட்டார். உசாகி மெட்டுப் போட, அவர் மனைவி அகி யோகோ எழுத, 1976இல் ‘யொகொசுகா ஸ்டோரி’ வந்தது. மொமொயே வளர்ந்த ஊரே யொகொசுகாதான். ஜப்பானின் தட்டு விற்பனைப் பட்டியலான ஒரிகானில் முதலிடம் பிடித்த பாட்டு அது.

தானே எழுதிப் பாடும் மத்சுதோயா யூமி இன்னொரு ரகம். ‘யூமிங்’ என்ற அவருடைய செல்லப்பெயர் அட்டையில் இருந்தாலே தட்டு விற்கும் என்பதால், ஐடல் மத்சுதா செய்கோவுக்குப் போட்ட மெட்டுகளில் குரேதா கருஹோ என்று புனைபெயர் வைத்துக்கொண்டார். பழைய ஹாலிவுட் நடிகை கிரேட்டா கார்போவின் பெயரை ஜப்பானியப் பெயர் மாதிரி மாற்றிய விளையாட்டு. பெயர் இல்லாமலும் பாட்டு நிற்கிறதா என்று பார்க்கும் ஆசை. 1982இன் ‘அகாய் ஸ்வீட் பீ’ நின்றது, இன்றும் நிற்கிறது. அதிலும் தயாரிப்பாளர் வகமத்சு முனெயோ, பல்லவி கடைசியில் கீழே இறங்குகிறது, வசந்தகாலப் பாட்டு மேலே ஏறி முடியட்டும் என்று திருப்பி அனுப்பினாராம். யூமிங்கிடமே! அவரும் மாற்றிக் கொடுத்தார்.

பாடகர் இனொவே யோசுய் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். 1984 நவம்பரில் அகினாவுக்கு ‘கசாரி ஜா நாய் நொ யோ நமிதா வா’ கொடுத்தார். அடுத்த மாதமே, கொடுத்த பாட்டுகளைத் தானே பாடி ‘9.5 கேரட்’ என்று ஆல்பம் போட்டார். 1985இல் ஜப்பானிலேயே அதிகம் விற்ற ஆல்பம் அது. இரண்டு பக்கமும் காசு, யாருக்கும் மனஸ்தாபம் இல்லை.

மாடிவீட்டு ரேடியோ:

எல்லாருக்கும் நன்றி. ராத்திரி ‘எகி’ இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். மன்னிக்கவும் கவாசாகி சார், நான் அந்த கரோக்கே அக்கா கட்சி. வயலின் வரும் இடத்தில் விழுந்துவிட்டேன். அகினாவுடையது நடு இரவில் கேட்கக் கூடாது போல.

ஒரு சந்தேகம்: கொடுத்த பாட்டைத் திரும்பப் பாடினால் முதலில் பாடிய பெண்ணுக்குக் கோபம் வராதா? பறித்துக்கொண்ட மாதிரி ஆகாதா?

கவாசாகி வாசி:

கட்சி மாற நாள் இருக்கிறது, பரவாயில்லை.

எல்லாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ‘ரிக்வெஸ்ட்’டில் ‘கென்கி ஓ தஷிதே’ என்று ஒரு பாட்டு இருக்கிறது பாருங்கள், காதல் முறிந்த தோழியைத் தேற்றுகிற பாட்டு. அதை மரியா முதலில் யகுஷிமாரு ஹிரோகோவுக்குக் கொடுத்தார், 1984இல் அவருடைய ‘கொகின்ஷூ’ ஆல்பத்தில் வந்தது. மரியா திரும்பப் பாடியபோது பின்னணியில் கோரஸ் பாடியவர்களில் யகுஷிமாருவும் உண்டு. முதலில் 1984இன் பதிவைக் கேளுங்கள், அந்தப் பெண்ணின் நேர்கோடு போட்ட மாதிரியான குரல் காதில் பதியட்டும். அப்புறம் மரியாவுடையதைப் போட்டுக் கோரஸில் அதைத் தேடுங்கள். மலிவு ஸ்பீக்கரில் கிடைக்காது, ஹெட்போன் வேண்டும்.