கோதுமை செல் சுவர் டவுட், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்

வணக்கம் ஃப்ரெண்ட்ஸ், அடுத்த வாரம் எனக்கு செமினார், இங்கிலாந்து ரோதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்துல ஜீன் மாத்தின கோதுமை பத்தி. மாவாகுற பகுதியோட செல் சுவர்ல சுமார் 70 சதவீதம் அராபினோசைலான்ங்கிற நார்ச்சத்துதான், அதை உண்டாக்குற ஜீனை ஆர்என்ஏஐ (ஜீனை வெட்டாம அதோட வேலையை மட்டும் அடக்குற முறை) வெச்சு கோதுமை மணில மட்டும் அடக்கி அராபினோசைலானை 40-50 சதவீதம் கொறச்சுருக்காங்க, 2013 பேப்பர், மாவு கரைச்ச தண்ணியோட கொழகொழப்பும் கொறஞ்சுருக்கு (கோதுமை தின்ன கோழியோட எச்சம் பிசுபிசுன்னு ஒட்டுறதும் இந்த அராபினோசைலானாலதான்!). என் டவுட், ரொட்டிக் கோதுமைல ஜீன் மூணு செட்டா இருக்கே, கிறிஸ்பர்ல (ஜீனையே வெட்டுற முறை) மூணையும் வெட்டினா தண்டு வேர்லயும் அந்த ஜீன் சேந்து போயிருமே, செடி நிக்குமா? யாராச்சும் ட்ரை பண்ணிருக்கீங்களா?

இன்னொண்ணு, நேத்து சாதா மாவைக் கரைச்சு சென்ட்ரிஃப்யூஜ்ல (வேகமா சுத்திப் பிரிக்கிற மெஷின்) போட்டு மேல் தண்ணிய எடுத்தேன், விஸ்காசிட்டி (கொழகொழப்பு) ரீடிங் நேரம் ஆக ஆக எறங்கிட்டே போகுது, மொதல்லயே மாவை கொதிக்கிற எத்தனால்ல போட்டு அராபினோசைலானை உடைக்கிற என்சைமை காலி பண்ணணுமா? எவ்ளோ நேரம்?