பொருள்: myrmecophile (எறும்ப அண்டி வாழுற உயிர்) – தமிழ்ல எறும்பண்டி, சரிப்பட்டு வருமா?

> எறும்பன்புன்னே வச்சிக்கலாமே, கிரேக்க வேரும் அதத்தானே சொல்லுது

வேர் சரிதான் ஐயா, myrmex எறும்பு, philos அன்பு, ஆனா பெரிய நீலன் வண்ணத்துப்பூச்சிய வச்சுப் பாத்தா அன்புங்கிற சொல் கொஞ்சமும் ஒட்டல. முட்டை காட்டுத் தைம் பூவுல, புழு ரெண்டு மூணு வாரம் அந்தப் பூவத் தின்னுட்டு ஒரு சாயங்காலம் தரையில விழுந்து சும்மா கெடக்கும், மிர்மிகா எறும்பு வந்து தொட்டா முதுகுல ஒரு சொட்டு இனிப்பு கசியும், எறும்பு நக்கும், புழு உடனே உடம்ப உப்பி வளைச்சு எறும்புக்குஞ்சு மாதிரி காட்டும், நம்ம குஞ்சுதான் வெளிய விழுந்துடுச்சுன்னு அதுவும் கவ்விக்கிட்டு கூட்டுக்குள்ள போயிடும். உள்ள பத்து மாசம் போல எறும்புக்குஞ்சுகளையே தின்னு கொழுக்குது, ராணி எறும்பு மாதிரி சத்தம் வேற. இதுக்குப் பேரு அன்பா?

அண்டிப் பிழைக்கிறதுன்னா நல்லது கெட்டது ரெண்டுக்கும் வரும். நீலன் குடும்பத்துல நிறைய புழுக்கள் இனிப்பக் குடுத்து எறும்புகிட்ட காவல் வாங்கிக்குது, முசுறுக் கூட்டுக்குள்ள இருந்துக்கிட்டே அதோட குஞ்சுகளத் திங்கிற லிஃபைராங்கிற வண்ணத்துப்பூச்சிப் புழுவும் இருக்கு, ரெண்டுமே எறும்பண்டிதான். (யாரும் எறும்பாண்டின்னு படிக்காம இருந்தா சரி.)

> எறும்புச் சார்பு போதாதா

அத வேற எடத்துக்கு வச்சிருக்கேன். இங்கிலாந்துல தைம் செடி இருந்த எடத்துலயே இந்தப் பூச்சி கொறஞ்சுக்கிட்டே போச்சு, சேகரிக்கிறவங்கதான் காரணம்னு வேலியெல்லாம் போட்டாங்க, ஒண்ணும் நடக்கல. பூச்சி ஆய்வாளர் ஜெரமி தாமஸ் உக்காந்து பாத்த பிறகுதான் தெரிஞ்சுது, புழு நல்லாப் பொழைக்கிறது மிர்மிகா சபுலெட்டிங்கிற ஒரே எறும்புக் கூட்டுல, அதுக்கு வெயில் சுடுற தரை வேணும். மேய்ச்சல் கொறஞ்சு, 1950கள்ல நோய் வந்து முயலும் செத்து, புல்லு வளந்து மண்ணு குளுந்துடுச்சு, அந்த எறும்பு போயி வேற மிர்மிகா வந்து ஒக்காந்துக்கிச்சு. 1979ல பூச்சி அங்க அத்துப்போச்சு. 1983லேர்ந்து ஸ்வீடன் பூச்சியக் கொண்டாந்து விட்டு, மாடு மேய்ச்சு புல்லக் கட்டையா வச்சிருக்குறதாலதான் இப்ப திரும்பப் பறக்குது.

இப்படி ஒரே எறும்ப நம்பியிருக்கிற நிலைக்கு ஓரெறும்புச் சார்புன்னு வச்சா பொதுச்சொல்லோட குழம்பாது. எறும்பண்டி எல்லாமே ஓரெறும்புச் சார்பு கிடையாதே.

எறும்ப ஓம்புயிர்னும் (host) தைம்ம உணவுச்செடின்னும் கட்டுரையில ஏற்கெனவே போட்டாச்சு, அது அப்படியே இருக்கட்டும். எறும்பண்டிக்கு மறுப்பு இருந்தா சொல்லுங்க, இல்லேன்னா ஏத்திடுறேன்.