ஒரு வருடத்தில் முழு வேதாகமமா, ஒரு நாளைக்கு ஒரு பகுதியா?

நவாலித்தம்பி:
எங்கள் சபை வாலிபர் ஐக்கியத்தில் ஒரு வருடத்துக்குள் முழு வேதாகமத்தையும் முடிக்க அட்டவணை தந்திருக்கிறார்கள். வாசித்து முடித்தவர்கள் வாட்ஸ்அப் குழுவில் பெருவிரல் போட வேண்டும். போன வருடமும் இதே கூத்துத்தான். தை மாதம் ஆதியாகமம் ஓடியபோது குழு முழுக்கப் பெருவிரல். மாசி பிறந்து பலிச் சட்டங்கள் நிறைந்த லேவியராகமம் வந்ததும் நாலைந்து பேர். பங்குனியில் அட்டவணை அனுப்புகிற அண்ணையையே காணவில்லை! தினமும் வாசிக்கும் பழக்கம் வர வேண்டும் என்பது என் உண்மையான ஆசை. வேலை முடிந்து வீட்டுக்கு வர இரவு எட்டு மணியாகும். அட்டவணையோடு போவதா, வேறு வழி இருக்கிறதா?

சுண்டுக்குழி:
அட்டவணையோடு போங்கள் தம்பி. கணக்கைப் பாருங்கள். 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். ஒரு நாளைக்கு மூன்றேகால் அதிகாரம் வரும். இருபது நிமிடம் காணும். அதைவிடக் கூட நேரம் கிரிக்கெட் ஸ்கோர் பார்ப்பதில் போகிறது. அட்டவணை இல்லாதவர் எதை வாசிக்கிறார்? 23ஆம் சங்கீதம், 91ஆம் சங்கீதம், யோவான் 3. திரும்பத் திரும்ப அதே. ஆகாய் புத்தகம் எங்கே என்று கேட்டால் பொருளடக்கத்தைப் புரட்டுவார்.

ஸ்கொட்லாந்தில் டண்டீ நகரப் போதகர் ரொபேர்ட் மக்ஷேன் 1842இல் தன் சபைக்குப் போட்டுக் கொடுத்த அட்டவணை இன்றைக்கும் ஓடுகிறது. வருடத்தில் புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டு தரம், மிச்சம் ஒரு தரம். சும்மா பழக்கம் வராது, ஒழுங்கு வேண்டும்.

வட்டு ரீச்சர்:
மக்ஷேனை இழுத்தீர்கள், நல்லது. ஆனால் அந்த அட்டவணையின் முன்னுரையிலேயே அதன் ஆபத்துகளையும் அவர் எழுதியிருக்கிறார்: வெறும் சடங்காகிப் போவது, வாசித்துவிட்டேன் என்ற பெருமை, கவனமில்லாத வாசிப்பு, சிலருக்குத் தாங்க முடியாத நுகமாவது. அட்டவணையைப் பிரதி எடுக்கிறவர்கள் இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுகிறார்கள்.

எண்ணாகமம் 7ஆம் அதிகாரத்தை எடுங்கள். 89 வசனங்கள். பன்னிரண்டு கோத்திரத் தலைவர்கள் பன்னிரண்டு நாட்களாகக் காணிக்கை கொண்டு வருகிறார்கள். 130 சேக்கல் (அந்தக் கால எடை அளவு) வெள்ளித்தாலம், 70 சேக்கல் வெள்ளிக்கலம், தூபவர்க்கம் நிறைந்த 10 சேக்கல் பொன் கரண்டி. ஆளின் பெயர் மாறுகிறது, பொருள் ஒன்றுதான். பெருவிரல் போடுகிறவர் இரண்டாவது ஆளோடு கண்ணை ஓட்டிவிட்டு அடுத்த அதிகாரத்துக்குப் போய்விடுவார். நின்று பார்த்தால்? முதலாம் அதிகாரத்தில் யூதா 74,600 பேர், மனாசே 32,200 பேர். பாதிக்கும் குறைந்த கோத்திரம் அதே காணிக்கையைக் கொண்டு வருகிறது, அதற்கும் மற்றவர்களைப் போலவே ஒரு முழுநாள் கொடுக்கப்படுகிறது. “எல்லோரும் அதையே கொடுத்தார்கள்” என்று ஒரு வரியில் முடித்திருக்கலாமே, ஏன் முடிக்கவில்லை? ஒரு கிழமை வைத்து யோசிக்க இது காணும்.

சுண்டுக்குழி:
ரீச்சர், எண்ணாகமம் 1ஐயும் 7ஐயும் சேர்த்துப் பார்க்க இரண்டையும் வாசித்திருக்க வேண்டுமே! “சிறிது சிறிதாக” என்கிறவர்கள் அந்தப் பக்கமே போவதில்லை.

நம் யாழ்ப்பாணத்துக் கதையையே சொல்கிறேன். பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்த ஆறுமுக நாவலர், 1854இல், சைவத்தைப் பழித்த பாதிரிமாருக்கு மறுப்பாகச் சைவதூஷணபரிகாரம் எழுதினார். அதில் கிறிஸ்தவர்களுக்கு எதிராக எடுத்த ஆயுதம் எது? எருசலேம் ஆலயத்தின் பலி, தூபம், விளக்கு. உங்கள் புத்தகத்திலேயே இதெல்லாம் இருக்கும்போது எங்கள் கோயில் கிரியையை ஏன் பழிக்கிறீர்கள் என்று கேட்டார். நம் பிள்ளைகள் மாசி மாதத்தில் மூடி வைக்கிற அதே பக்கங்கள்தான். சைவர் ஒருவர் அவ்வளவு தெரிந்து வைத்திருந்தார். எங்களுக்கு வெட்கமில்லையா?

வட்டு ரீச்சர்:
நாவலர் என் கட்சி, அண்ணை. மொழிபெயர்ப்பு வேலையில் ஒவ்வொரு வரியிலும் நின்றுதான் ஆக வேண்டும். அவர் பெருவிரலா போட்டுக்கொண்டு போனார்?

பாசையூரான்:
நான் கத்தோலிக்கன், நடுவில் ஒரு வார்த்தை. எங்களுக்கு இந்தச் சண்டையே இல்லை. திருப்பலி வாசகங்கள் ஏற்கெனவே பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. ஞாயிறுக்கு மூன்று வருடச் சுற்று, மத்தேயு, மாற்கு, லூக்கா என்று ஆண்டுக்கு ஒருவர். ஆண்டின் பெரும்பகுதியில் கிழமை நாட்களின் முதல் வாசகத்துக்கு இரண்டு வருடச் சுற்று. இன்றைக்கு நான் வாசிப்பதைத்தான் ரொறொன்ரோவில் தங்கச்சியும் வாசிக்கிறாள். ஒரு நாள் தவறினால் கடன் சேராது, அடுத்த நாள் அன்றைய வாசகத்தோடு சேர்ந்துகொள்ளலாம். அட்டவணைக்காரர் விழுவது அந்தக் கடனில்தான். மூன்று நாள் விட்டால் பத்து அதிகாரம் நிலுவை, பிறகு யார் தொடுவார்?

இன்னொன்று. விடிய நாலு மணிக்கு எழும்பி வாசி என்று பிரசங்கம் வைக்கிறவர்கள் கடலுக்குப் போகாதவர்கள். அந்த நேரம் நாங்கள் வலையோடு நிற்போம். கரைக்கு வந்து, மீன் விற்று, தேத்தண்ணி குடித்த பிறகுதான் என் நேரம். மணி எதுவானாலும் அந்தத் தேத்தண்ணிக்குப் பிறகு என்று வைத்திருப்பதால் தவறுவதில்லை.

சுண்டுக்குழி:
நேரம் பற்றிச் சொன்னது சரி. ஆனால் உங்கள் மூன்று வருடச் சுற்றிலும் பழைய ஏற்பாட்டில் பெரும்பகுதி வராதே. பாதர் வாசிக்காததை நீங்களும் வாசிக்க மாட்டீர்கள்.

பாசையூரான்:
வராதுதான். வந்ததையாவது வாசிக்கிறேன்.

மூன்றாம் குறுக்குத்தெரு:
எல்லோரும் தனித்தனியாக வாசிப்பதைப் பற்றியே கதைக்கிறீர்கள். தொண்ணூறுகளில், யுத்த காலத்தில், இங்கே யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெயும் பஞ்சும் வைத்து, திரியை மேலே எடுத்துச் சிக்கன விளக்கு எரித்த காலம். அந்த வெளிச்சத்தில் ஒருவருக்குத்தான் எழுத்துத் தெரியும். அதனால் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் பாயில் இருந்து கேட்போம். அம்மம்மாவுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் தடுமாறினால் அடுத்த சொல்லை எடுத்துத் தருவா. எங்களில் யாருக்கும் “பழக்கத்தை உருவாக்க வேண்டும்” என்ற யோசனையே இருக்கவில்லை.

அப்போஸ்தலர் 8இல் எத்தியோப்பிய மந்திரி ரதத்தில் இருந்து ஏசாயாவை வாசிப்பதைப் பிலிப்பு காதால் கேட்டுத்தானே கிட்டப் போனார்? மனதுக்குள் வாசித்திருந்தால் பிலிப்பு ஓடிவந்தும் பயன் இல்லை. சத்தமாக வாசித்தால் கண்ணை ஓட்டவும் ஏலாது, நித்திரையும் வராது.

சுண்டுக்குழி:
அழகான காலம் என்று சொல்ல வேண்டாம், அது நெருக்கடி. இன்றைக்கு ஏழு மணிக்குப் பிள்ளை ரியூசனில், அப்பா வேலையில், அம்மா வீடியோ கோலில். யாரைக் கூட்டி இருத்துவீர்கள்? என்னிடம் யூவேர்ஷன் என்ற வேதாகமச் செயலி இருக்கிறது, தொடர்ந்து வாசித்த நாட்களை அது எண்ணிக் காட்டுகிறது. அந்த எண் விழக்கூடாது என்பதே என்னை எழுப்புகிறது.

வட்டு ரீச்சர்:
எண் விழக்கூடாது என்று இரவு 11.55க்குத் திறந்து மூடுகிறவர்களையும் எனக்குத் தெரியும். வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வைத்துவிட்டு வகுப்பை விட்டுப் போகிற பிள்ளை மாதிரி.

சுண்டுக்குழி:
கையெழுத்து வைக்கவாவது வந்தானே. வராத பிள்ளைக்கு என்ன படிப்பிப்பீர்கள்?

நவாலித்தம்பி:
எல்லோருக்கும் நன்றி. பெருவிரல் குழுவில் இருந்து விலகவில்லை, ஆனால் இப்போதைக்கு அந்த அட்டவணையை எடுக்கவில்லை. தம்பியாருக்கு ரியூசன் எட்டரைக்கு முடியும். சாப்பாட்டுக்குப் பிறகு மேசையை விட்டு எழும்ப முன்னமே இரண்டு பேரும் மாற்குவில் ஒரு பகுதியைச் சத்தமாக வாசிப்பதாக முடிவு. ஒருநாள் நான், ஒருநாள் அவன். மொத்தம் 16 அதிகாரம், அவசரம் இல்லை. தவறினால் விட்ட இடத்தில் இருந்து.

சுண்டுக்குழி:
சரி, தொடங்குங்கள். ஆனால் மாற்கு முடிந்ததும் லேவியராகமம். விடமாட்டேன்.

வட்டு ரீச்சர்:
அதற்கு முன் எபிரெயர் 9, 10 வாசியுங்கள் தம்பி. பலி எதற்கு, பிரதான ஆசாரியன் எதற்கு உள்ளே போகிறான் என்று தெரிந்தால் லேவியராகமம் பாரமாக இராது.

சுண்டுக்குழி:
லேவியராகமம் 16 தெரியாமல் எபிரெயர் 9 எப்படி ரீச்சர் விளங்கும்?

மூன்றாம் குறுக்குத்தெரு:
பிள்ளை மாற்குவைத் தொடங்கட்டுமே ஐயா!