வலிதாக்கலா, சரிபார்த்தலா, வலிதுநோக்கலா?

எல்லோருக்கும் வணக்கம்.

உள்ளிட்ட தரவு விதிப்படி அமைந்திருக்கிறதா என்று கணினி பார்ப்பதை ஆங்கிலத்தில் வேலிடேஷன் (validation) என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'சரிபார்த்தல்' போதும் என்று அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது போதாது என்றே படுகிறது.

இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்துக் களுவாஞ்சிகுடியில் எங்கள் வாசிகசாலை உறுப்பினர் பட்டியலைச் சீஎஸ்வி (CSV, காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாக்கும் வேலையில் இரண்டு வாரமாக இருக்கிறேன். எக்செல்லில் திறந்து சேமித்ததும் 065 எனத் தொடங்கும் தொலைபேசி இலக்கங்களின் முன் பூச்சியம் போய்விட்டது. முகவரிக்குள் இருந்த காற்புள்ளி ஒரு நிரலை இரண்டாக உடைத்தது. முகவரியை இரட்டை மேற்கோளுக்குள் வைத்த பிறகுதான் சரிவந்தது. (இங்கே பள்ளிக் கணிதத்தில் கிடையாகப் போவது நிரை, நெடுக்காக வருவது நிரல். தமிழகத்து நண்பர்கள் நிரலை ப்ரோகிராம் என்று வாசித்துவிட வேண்டாம்.) இதற்கெல்லாம் 'வடிவூட்டல்' (formatting) என்ற சொல் இருக்கிறது, சரி.

சிக்கல் எங்கள் தேசிய அடையாள அட்டை இலக்கத்தில். 2016 முதல் வந்த புதிய இலக்கத்துக்கு 12 தானங்கள் (digits). முதல் நான்கும் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். ஆணுக்கு 366-ஐத் தாண்டாது, பெண்ணுக்கு 501-இல்தான் தொடங்கும். ஆகவே அந்த மூன்று தானங்களில் 420 வரவே முடியாது. கணினியே இதைப் பிடித்துவிடும். ஆனால் ஒரு மகளின் நிரையில் தாயின் இலக்கம் பதியப்பட்டிருந்தது. பிறந்த திகதி கேட்காத படிவம். இலக்கத்திலும் ஒரு குறையில்லை. அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. 420-ஐக் கணினி பிடிப்பது வேலிடேஷன், அட்டையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வெரிஃபிகேஷன் (verification). உதவிக்கு வந்த தம்பி "சரிபார்த்தாச்சு" என்றபோது நான் இரண்டும் முடிந்ததென்று நம்பிவிட்டேன். அவர் சொன்னது முதலாவதை மட்டும்.

வேலிடேஷனுக்கு 'வலிதாக்கல்' என்ற சொல்லும் இருக்கிறது. வலிதான (செல்லுபடியாகும்), வலிதற்ற (செல்லாத) என்பவை இலங்கைச் சட்டத் தமிழில் பழகியவை, நல்ல வேர். ஆனால் 'ஆக்கல்' பொருந்தவில்லை. பிழையான இலக்கத்தை வேலிடேஷன் வலிதாக்குவதில்லை, வலிதா என்று பார்க்கிறது, அவ்வளவுதான். முதலில் 'வலிதுகாணல்' என்று நினைத்தேன். அப்புறம் கருவிக்கு 'வலிதுகாணி' என்று வருமே. இங்கே யாருக்கும் காணி உறுதிதான் (நிலப் பத்திரம்) நினைவுக்கு வரும். 'வலிதுநோக்கல்' என்றால் கருவி 'வலிதுநோக்கி', தொலைநோக்கி போல.

தமிழகத்தில் 'வலிது' பழக்கமில்லை என்றால் 'செல்லுபடி பார்த்தல்' கூட எனக்குச் சம்மதம். 'சரிபார்த்தல்' மட்டும் வெரிஃபிகேஷனுக்கே இருக்கட்டும்.