லீலாவைப் பிடிக்காமல் போய்விட்டது, இரண்டாம் பாகத்தைத் தொடரலாமா?

கீழ்க்காற்று:
இத்தாலிய எழுத்தாளர் எலெனா ஃபெரான்டேயின் நேப்பிள்ஸ் நாவல்கள் நான்கையும் (லீலா, லெனூ என்ற இரண்டு தோழிகளின் கதை, சொல்வது லெனூ) படித்தவர்கள் யாராவது சொல்லுங்கள். முதலாவதான ‘மை பிரில்லியன்ட் ஃப்ரெண்ட்’ எனக்கு மூன்றே நாளில் முடிந்தது. லீலாவும் அவள் அண்ணனும் கை புண்ணாகச் செய்த அந்த ஷூவைப் போட்டுக்கொண்டு அவள் கட்டிக்கொள்ள மறுத்த மார்செல்லோ சொலாரா அவள் கல்யாண விருந்துக்கே வந்து நிற்கிறானே, அந்தக் கடைசிப் பக்கத்தைப் படித்த அன்று தூக்கமே வரவில்லை, மறுநாளே இரண்டாவதை வாங்கிவிட்டேன்.

இப்போது ‘தி ஸ்டோரி ஆஃப் எ நியூ நேம்’ பாதியில் நிற்கிறது. பத்து நாளாகக் கையில் எடுக்க மனம் வரவில்லை. இஸ்கியா தீவில் லீலா செய்வதை என்னால் தாங்க முடியவில்லை. லெனூ பள்ளிக்கூட வயதிலிருந்து மனதில் வைத்திருக்கும் நீனோவை, லெனூவின் கண்ணெதிரிலேயே, அதுவும் அவளையே துணைக்கு வைத்துக்கொண்டு காதலிக்கிறாள்! முதல் பாகத்தில், குடியிருப்பே பயந்த டான் அகில்லே வீட்டு மாடிப்படியில் பயந்து ஏறும்போது, நாலாவது படிக்கட்டில் நின்று லெனூவின் கையைப் பிடித்துக்கொண்டாளே ஒரு சிறுமி, அவள்தானா இவள்? அப்புறம் இன்னொன்று. புருஷன் ஸ்டெஃபானோ அப்படி அடிக்கிறான், ஏன் விட்டுவிட்டுப் போகாமல் அவன் பணத்தில் செலவு செய்துகொண்டு இருக்கிறாள்? மேலே படித்தால் பிடித்துப்போகுமா, இல்லை இத்தோடு நிறுத்தட்டுமா?

நூலகப்படி:
ஏன் போகவில்லை என்று கேட்டீர்களே, அதற்கு மட்டும் சொல்கிறேன். எங்கே போவாள்? கல்யாணம் நடந்தது 1961இல், அவளுக்கு 16 வயது. இத்தாலியில் விவாகரத்துச் சட்டமே 1970 டிசம்பரில்தான் வந்தது, வந்த பிறகும் அதை எடுத்துவிட வேண்டும் என்று 1974இல் நாடு முழுக்க வாக்கெடுப்பு நடத்தினார்கள் (ஜனங்கள் எடுக்க விடவில்லை). இஸ்கியாவில் அவள் செய்வது அன்றைக்குச் சட்டப்படி குற்றம், சிறைக்கே அனுப்பலாம், கணவன் அதையே செய்தால் அந்த அளவுக்குக் கிடையாது, 1968இல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்தப் பிரிவை நீக்கும் வரை அப்படித்தான் இருந்தது. பிறந்த வீட்டுக்குப் போகலாமே என்றால், மேலே படிக்க வேண்டும் என்று அடம்பிடித்ததற்கு ஜன்னல் வழியாகத் தூக்கி எறிந்து கையை உடைத்த அப்பா இருக்கும் வீடு அது.

தேனிலவு முடிந்து அமல்ஃபியிலிருந்து திரும்பும் இடத்தை மறுபடி ஒருமுறை பாருங்கள். பெரிய கறுப்புக் கண்ணாடி, தலையில் ஸ்கார்ஃப். பாறையில் விழுந்துவிட்டேன் என்கிறாள். யாரும் மேலே ஒரு கேள்வி கேட்பதில்லை. அந்தக் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் அந்தப் பாறை இருக்கிறது. எனக்கு நாலு பாகத்திலும் மறக்காத இடம் அதுதான்.

ஒற்றைப்பனை:
நூலகப்படி சொன்னது அத்தனையும் சரி, ஆனால் சட்டத்தைச் சொல்லி லீலாவுக்கு வக்காலத்து வாங்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. இஸ்கியாவில் அவள் செய்வது கொடுமைதான். கேள்வி என்னவென்றால், அதை நமக்கு யார் சொல்கிறார்கள்?

இரண்டாம் பாகத்தின் முதல் பக்கத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். 1966 வசந்தத்தில் லீலா ஒரு தகரப் பெட்டியில் எட்டு நோட்டுப் புத்தகங்களை வைத்து லெனூவிடம் கொடுக்கிறாள், திறக்கவே கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு. ரயில் ஏறியதும் லெனூ திறந்துவிடுகிறாள். நாள்கணக்கில் படிக்கிறாள், பிடித்த இடங்களை மனப்பாடம் செய்கிறாள், கடைசியில் ஒரு நவம்பர் மாலை பீசாவில் சொல்ஃபெரீனோ பாலத்தில் நின்று பெட்டியை ஆர்னோ ஆற்றில் தள்ளிவிடுகிறாள். லீலா தன் கைப்பட எழுதியது ஆற்றோடு போயிற்று. நம் கையில் இருப்பது லெனூ எழுதிய லீலா மட்டும்தான். அவள் மேல் கோபம் வருகிறதென்றால் அதில் பாதி லெனூ மூட்டிவிட்ட கோபம்.

அதோடு, இஸ்கியாவுக்குப் போகலாம் என்பது யார் யோசனை? நீனோ அங்கே இருப்பான் என்று தெரிந்துகொண்டு, அதை மறைத்து, லீலாவையும் அவள் அம்மாவையும் அந்தத் தீவுக்குத் திருப்பியது லெனூதான். அவன் மேல் எனக்கு ஆசை என்று அங்கே ஒரு வார்த்தை வாய்திறந்து சொல்லியிருக்கலாமே. சொல்லாமல் வைத்துக்கொண்டு, பிறகு பறிகொடுத்தவளைப் போல எழுதுகிறாள். எனக்கு லெனூவை ரொம்பப் பிடிக்கும், அதனால்தான் இது இவ்வளவு உறுத்துகிறது.

கீழ்க்காற்று:
அட, தீவு அவள் யோசனை என்பதை நான் சுத்தமாக மறந்துவிட்டேன்! ஒன்று சொல்லுங்கள், இஸ்கியா இன்னும் எவ்வளவு பக்கம் வரும்? கடற்கரை, நீச்சல், மறுபடி கடற்கரை...

நாலாவது வரிசை:
நீளம்தான், ஒப்புக்கொள்கிறேன். முதல் பாகத்தில் இருந்த வேகம் இந்த இடத்தில் இல்லை, நானும் இங்கே ஒரு வாரம் நின்றேன். ஃபெரான்டேயே நாலையும் சேர்த்து ஒரே நாவல் என்றுதான் சொல்லியிருக்கிறார், அதனால் இதைத் தனியாக எடைபோடுவது கொஞ்சம் நியாயமில்லை என்றாலும், படிக்கிறவருக்கு அலுப்பு அலுப்புதானே.

ஆனால் நிறுத்தாதீர்கள். இந்தப் புத்தகத்தின் இத்தாலியத் தலைப்பில் இருப்பது பெயர் இல்லை, ‘கோன்யோமே’, அதாவது குடும்பப் பெயர். சேருல்லோ என்று இருந்தவள் கல்யாணத்தோடு காராச்சி ஆகிவிடுகிறாள். ஆங்கிலத்தில் வெறும் ‘நேம்’ என்று வந்ததும் அந்த வலி பாதி குறைந்துபோகிறது. இனிஷியல் மாறிய என் அம்மா, அத்தை எல்லாருக்கும் அது ஒரே வார்த்தையில் புரியும். செருப்புக் கடையில் மாட்ட அவளுடைய கல்யாணப் புகைப்படத்தைக் கேட்கிறார்களே, அவள் கத்தரிக்கோலும் பசையும் கறுப்பு அட்டையும் வைத்து லெனூவோடு நாள் நாளாக உட்கார்ந்து, ஒரு கண், மோவாயில் வைத்த கை, உதட்டுச் சிவப்பு, கால், ஷூ இவ்வளவு மட்டும் தெரியும்படி தன்னையே மறைத்துவிடுகிறாள். தலைப்புக்கு அர்த்தம் அந்தப் படத்தில்தான் இருக்கிறது.

மொழிபெயர்ப்பில் எனக்கு ஒரே குறை, வட்டார வழக்கு. கோபம் வந்தால் எல்லாரும் நேப்பிள்ஸ் பேச்சுக்கு மாறுகிறார்கள், ஆனால் நாம் படிப்பது ‘அவள் வட்டார வழக்கில் கத்தினாள்’ என்ற தகவல் மட்டும். எழுத்துத் தமிழையும் வீட்டுத் தமிழையும் தினமும் மாற்றி மாற்றிப் புழங்கும் நமக்கு அந்தக் குரல் காதில் விழாதது பெரிய இழப்பு. லெனூ பீசாவுக்குப் படிக்கப் போன பிறகு அவள் பேச்சைக் கேலி செய்வார்கள், அந்த இடம் வரைக்குமாவது படியுங்கள்.

கீழ்க்காற்று:
நேற்று ராத்திரி முதல் அத்தியாயத்தை மறுபடி படித்தேன். பெட்டியைப் பாலத்தின் கைப்பிடிச் சுவரில் வைத்து ஒரேயடியாகத் தூக்கி எறியவில்லை அவள், கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தித் தள்ளுகிறாள், விழுவது லீலாவே என்பதைப் போல. முதல் தடவை அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறேன். இஸ்கியாவையும் ஆரம்பத்திலிருந்து படிக்கிறேன், லெனூ எதை எதைச் சொல்லாமல் விடுகிறாள் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு. முடித்ததும் வருகிறேன், அதுவரை நீனோவைப் பற்றி மேலே யாரும் எதுவும் சொல்லிவிடாதீர்கள்.