சாணைக்கல் தீப்பொறியை வைத்து ஈஎன்8, ஈஎன்9 எஃகு ரகங்களைப் பிரிக்க முடியுமா?

வணக்கம். காயலான் கடையில் எடுத்த ஷாப்ட் துண்டுகளைச் சாணைக்கல்லில் தேய்த்து, பறக்கும் தீப்பொறியைப் பார்த்து ரகம் பிரிக்கிறோம். எம்எஸ் (மைல்ட் ஸ்டீல், கார்பன் குறைந்த சாதாரண எஃகு) சிக்கலில்லை: நீளமான மஞ்சள் கோடு, நுனியில் ஒன்றிரண்டு கிளை. வார்ப்பிரும்பு கல்லருகே செக்கச்சிவப்பாகக் கிளம்பிச் சீக்கிரம் அடங்கும். ஈஎன்31ல் கார்பன் சுமார் 1 சதவீதம், மத்தாப்பூ போல அடர்ந்து வெடிக்கும்.

திணறுவது நடுவில். ஈஎன்8ல் கார்பன் சுமார் 0.4, ஈஎன்9ல் 0.5 முதல் 0.6 வரை. கிளைகள் கண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றுதான். காய்ச்சித் தண்ணீரில் முக்கி அரம் போட்டாலும், மெல்லிய துண்டென்றால் இரண்டுமே இறுகிவிடுகின்றன.

செய்து பார்த்தவை: கல்லை டிரஸ் செய்தாயிற்று, அதாவது அதன் முகத்தைச் சீவிப் புதுப்பித்தாயிற்று (முன்பு தேய்த்த உலோகம் கல்லில் ஒட்டியிருந்தால் அதன் பொறியும் கலந்து ஏமாற்றும்). மேல்தோலில் கார்பன் குறைந்திருக்கும் என்பதால் 2 மி.மீ. தேய்த்த பிறகே பார்க்கிறோம். பின்னால் கறுப்புத் தகடு, அழுத்தம் ஒரே அளவு.

கிரேடு உறுதியான மாதிரித் துண்டை அருகில் வைத்து ஒப்பிடுபவர்கள் கிளைகளை எப்படி எண்ணுகிறீர்கள்? மொபைலில் ஸ்லோமோஷன் எடுத்தால் பிரிந்து தெரியுமா? எந்தக் கிரிட் (மணிகளின் பருமன்) கல் நல்லது?