கிரேசன் ஆலன்: திருந்தினாரா, வேலை மாறியதால் அடங்கினாரா?

மூன்றுபுள்ளி: அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணியில் எதிராளிகளின் காலைத் தட்டிவிட்டுப் பேர் கெட்டுப்போனவர் ஆலன். அவரே 2023-24 சீசனில் ஃபீனிக்ஸ் சன்ஸ் அணிக்கு ஆடி, மூன்று புள்ளி எறிதலில் (வளைகோட்டுக்கு வெளியே இருந்து கூடையில் போடுவது) 46.1 சதவீதத்தோடு அமெரிக்கத் தொழில்முறை லீகான என்பிஏவில் முதலிடம் பிடித்தார். 75 ஆட்டம் ஆடினார். 2024 ஏப்ரலில் 4 வருடத்துக்கு 7 கோடி டாலர் ஒப்பந்தம். இன்னும் பழைய வீடியோவையே காட்டிக்கொண்டிருப்பது நியாயமில்லை.

ஆறாவதுஆள்: பழைய வீடியோ ஒன்றா இரண்டா? 2016 பிப்ரவரியில் லூயிவில் ஆட்டம், அதே மாதம் புளோரிடா ஸ்டேட் ஆட்டம். கண்டித்தும் கேட்காமல் டிசம்பரில் ஈலான் வீரரின் காலைத் தட்டினார். கேப்டன் பொறுப்பு போனது. ஆனால் "காலவரையற்ற தடை" ஒரே ஆட்டத்தோடு முடிந்தது. என்பிஏவுக்கு வந்த பிறகும் 2019 சம்மர் லீகில் (சீசனுக்கு முந்தைய கோடைப் போட்டி) அடுத்தடுத்து இரண்டு ஃபிளாக்ரன்ட் (கடுமையான ஃபவுல்), வெளியே அனுப்பினார்கள். 2022 ஜனவரியில் மில்வாக்கி அணிக்கு ஆடும்போது, கூடையை நோக்கி எழும்பிய சிகாகோ வீரர் அலெக்ஸ் கருசோவை அந்தரத்தில் பிடித்து இழுத்தார். கருசோவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை. இவருக்குத் தடை ஒரு ஆட்டம்.

கோர்ட்பார்வை: எந்த நேரத்தில் தட்டினார் என்று பாருங்கள். லூயிவில் ஆட்டத்தில் பந்தோடு கூடையை நோக்கிப் பாய்ந்து கீழே விழுந்து கிடந்தபோது. ஈலான் ஆட்டத்தில் பேஸ்லைன் (கூடைக்குப் பின்னால் உள்ள எல்லைக்கோடு) ஓரமாக ஆள் அவரைத் தாண்டிப் போனபோது. தோற்ற அந்த நொடியில்தான் கால் நீள்கிறது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் ஆட்டத்துக்கு 21.6 புள்ளி எடுத்தவர். பந்து எப்போதும் அவர் கையில், மோதலும் அவருக்கே. 2023-24 ஃபீனிக்ஸில் பந்து இருந்தது நட்சத்திரங்கள் புக்கரிடமும் டுரான்டிடமும். இவருக்கு கார்னர் (ஆடுகள மூலை). அங்கே மூன்று புள்ளிக் கோடு கூடையிலிருந்து 22 அடி, நடுவிலோ 23 அடி 9 அங்குலம். ஹெல்ப் டிஃபெண்டர் (சக வீரருக்கு உதவப் போகும் தடுப்பாளர்) உள்ளே திரும்பும்போதே பாதத்தைச் சரிசெய்து வைக்க வேண்டும். பந்து வந்த பிறகு காலைச் சரிசெய்தால் தடுக்க ஆள் வந்துவிடும். அவர் வேகமாக ஓடிவந்தால் பந்தை ஒருமுறை தரையில் தட்டி, அடுத்தவருக்குப் பாஸ்.

ஆறாவதுஆள்: அப்படியானால் மாறியது வேலை, ஆள் இல்லை. நான் சொல்வதும் அதுதான்.

மூன்றுபுள்ளி: பந்து கைக்கு வராமல் நிமிடக்கணக்கில் நின்றுவிட்டு, வந்ததும் தயங்காமல் எறிவது லேசா? கல்லூரி நட்சத்திரங்கள் பலர் அது முடியாமல்தான் காணாமல் போனார்கள். கருசோ விவகாரம் நடந்த அதே வருடம் பிளே-ஆஃபில் (சீசன் முடிந்து நடக்கும் கோப்பைச் சுற்றுகள்) மில்வாக்கிக்கு எதிரே கருசோவின் சிகாகோ. சிகாகோவில் இவர் பந்தைத் தொட்டாலே கூச்சல். மூன்றாவது ஆட்டத்தில் 22, நான்காவதில் 27 புள்ளி. கால் நீளவில்லை, கைதான் பேசியது. இதற்குப் பெயர் பக்குவம் இல்லையா?

கோர்ட்பார்வை: அந்தத் தொடரைப் பாராட்டுகிறேன். ஆனால் அடுத்த சுற்றில் வந்த பாஸ்டன் அணியையும் சொல்லுங்கள். இவர் காவல் காக்கும் ஆளையே ஸ்கிரீன் (தடுப்பவரின் வழியை மறித்து நிற்பது) போடவைத்து, பாஸ்டன் நட்சத்திரம் டேட்டமுக்கு எதிரே இவரை மாட்டிவிட்டார்கள். ஸ்விட்ச் செய்தால் (காவல் காக்கும் ஆளை மாற்றிக்கொண்டால்) உயரம் போதாது. டேட்டமை ஒரு கணம் மறித்துவிட்டுத் தன் ஆளிடம் திரும்பினால், அந்த இடைவெளியில் ஸ்கிரீன் போட்டவர் காலியாக நிற்பார். மீதி நான்கு பேரும் இடம்பெயர வேண்டும். அதனால் சீசன் முழுக்க நம்பலாம், பிளே-ஆஃப் கடைசிச் சுற்றுகளில் பக்கத்தில் நல்ல உயரமான டிஃபெண்டர் வேண்டும்.

ஆறாவதுஆள்: எறிதலில் நம்பகம் என்பதை ஏற்கிறேன். அடங்கியதற்குக் காரணம் மட்டும் வேறு. டியூக்கில் தண்டனையைத் தீர்மானித்தது சொந்தப் பயிற்சியாளர். என்பிஏவில் லீக் அலுவலகம். தடை என்றால் சம்பளமும் போகும். ஃபிளாக்ரன்ட் முதல் வகைக்கு ஒரு அபராதப் புள்ளி, அதைவிடக் கடுமையான இரண்டாம் வகைக்கு இரண்டு. சீசனில் ஐந்தைத் தாண்டினால் தானாகவே தடை. இந்தக் கணக்கு கல்லூரியிலேயே இருந்திருந்தால் விவகாரம் டிசம்பர் ஈலான் ஆட்டம் வரை போயிருக்காது.